கேடயம் யாருடையது?

வணக்கம் சார்,

1978ல் வந்த சூப்பர்மேன் படத்தைப் பார்த்து வளர்ந்தவன் நான். ‘உண்மை, நீதி, அமெரிக்க வழி, இவற்றுக்காகப் போராட வந்திருக்கிறேன்’ என்று அதில் கிறிஸ்டோபர் ரீவ் சொல்வார். நான் அமெரிக்கன் இல்லை. ஆனாலும் அந்த வரி என்னைச் சிலிர்க்க வைத்தது. 2021ல் சூப்பர்மேன் காமிக்ஸை வெளியிடும் டிசி நிறுவனம் அந்த வரியிலிருந்து ‘அமெரிக்க வழி’யை எடுத்துவிட்டு ‘மேலான நாளை’ என்று போட்டுக்கொண்டது. 2025ல் வந்த புதிய சூப்பர்மேனோ அமெரிக்காவின் கூட்டாளி நாட்டையே தடுத்து நிற்கிறான். கேப்டன் அமெரிக்காவாக நடிக்கும் ஆண்டனி மேக்கி, அந்தப் பாத்திரம் அமெரிக்காவைக் குறிக்கத் தேவையில்லை என்ற பொருளில் பேசி, எதிர்ப்பு வந்த பிறகு, நான் பெருமைமிக்க அமெரிக்கன்தான் என்று விளக்கம் கொடுத்தார்.

நாட்டுப்பற்று காலாவதியாகிவிட்டதா? இல்லை, உலகச் சந்தைக்காகக் கொடியை மடித்து உள்ளே வைத்துவிட்டார்களா? தன் நாட்டை நேசிக்கக் கூச்சப்படும் நாயகன் யாருக்காகச் சண்டை போடுகிறான் என்றே எனக்குப் புரியவில்லை. கல்லூரியில் படிக்கும் என் மகன், ‘இப்போதுதான்பா இந்தப் படங்கள் நேர்மையாகப் பேசுகின்றன’ என்கிறான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

எஸ்.

*

அன்புள்ள எஸ்,

உங்களோடும் எனக்கு உடன்பாடில்லை, உங்கள் மகனோடும் இல்லை. அந்தக் காலத்து நாயகர்கள் நாட்டுக்கு அடங்கி நடந்தவர்கள் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். இந்தக் காலத்துப் படங்கள் நாட்டைத் துணிந்து கேள்வி கேட்கின்றன என்று அவர் நினைக்கிறார். நடந்தது ஏறக்குறைய நேர்மாறானது.

சூப்பர்மேனிலிருந்தே தொடங்குகிறேன். 1938 ஜூன் தேதியிட்ட ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில் அவன் அறிமுகமானான். படைத்தவர்கள் க்ளீவ்லாந்தில் வாழ்ந்த ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்ற இரண்டு யூத இளைஞர்கள். பதின்மூன்று பக்கக் கதைதான். அதில் சூப்பர்மேன் முதலில் ஆளுநரின் வீட்டுக்குள் இரும்புக் கதவைப் பெயர்த்துக்கொண்டு நுழைகிறான், நிரபராதியான ஒரு பெண்ணை மரண தண்டனையிலிருந்து காப்பாற்ற. பிறகு பெண்டாட்டியை அடிக்கும் ஒருவனைத் தூக்கிச் சுவரில் வீசுகிறான். கடைசியில் வாஷிங்டனுக்குப் போகிறான். அங்கே ஒரு செனட்டரைக் கைக்குள் போட்டுக்கொண்ட அரசியல் தரகன் இருக்கிறான். சூப்பர்மேன் அவனைக் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு தொலைபேசிக் கம்பிகள் மேலேயே ஓடுகிறான். தரகன் அலறுகிறான். பறவைகள் கம்பியில் உட்காரும்போது ஒன்றும் ஆவதில்லை, கம்பத்தைத் தொட்டால்தான் ஆபத்து என்று இவன் ஓடிக்கொண்டே பாடம் நடத்துகிறான். அடுத்த வரியில், ‘அடடா, இப்போது கம்பத்தில் பட்டிருப்பேனே!’

இவனை யாராவது தேசியச் சின்னம் என்பார்களா? ஏழைகளுக்காகச் சட்டத்தைக் கையில் எடுக்கும் முரடன் அவன். அரசு மாளிகையின் கதவு அவனுக்குப் பெயர்த்தெறிய வேண்டிய ஒன்று, அவ்வளவுதான்.

நீங்கள் குறிப்பிடும் ‘அமெரிக்க வழி’ அந்தக் கதையில் இல்லை. 1942ல், அமெரிக்கா போருக்குள் இறங்கிய பிறகு, வானொலித் தொடரில் அது சேர்க்கப்பட்டது. போரின் சூடு தணிந்தபோது காணாமல் போனது. பனிப்போர் காலத்தில், 1952ல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரில் திரும்பி வந்தது. காய்ச்சல் வரும்போது போர்த்திக்கொள்ளும் கம்பளிபோல அதை எடுப்பதும் வைப்பதுமாகத்தான் இருந்திருக்கிறார்கள். 2021ல் மீண்டும் ஒருமுறை எடுத்து வைத்தார்கள்.

உங்களைச் சிலிர்க்க வைத்த 1978 காட்சியையும் இன்னொரு முறை பாருங்கள். ரீவ் அந்த வரியைச் சொன்னதும் பேட்டி எடுக்கும் பத்திரிகையாளர் லோயிஸ் லேன் என்ன சொல்கிறாள்? அப்படியானால் இந்த நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட அத்தனை பேரோடும் நீ சண்டை போட வேண்டியிருக்குமே என்கிறாள். வாட்டர்கேட் ஊழலில் சிக்கிய ஜனாதிபதி நிக்சன் பதவி விலகி நான்கு வருடங்கள்தான் ஆகியிருந்தன. தியேட்டரில் இருந்தவர்கள் சிரிப்பதற்காகவே எழுதப்பட்ட பதில் அது. அந்தச் சிரிப்புக்கு நடுவிலும் ரீவ் முகம் மாறாமல், நான் பொய் சொல்வதில்லை என்கிறார். அந்த வரி நிற்பதற்குக் காரணம் ரீவின் முகம்தான்.

இனி கேப்டன் அமெரிக்கா. கொடியையே சட்டையாகத் தைத்துப் போட்டுக்கொண்டவன் என்பதால் உங்கள் கேள்விக்கு அவன்தான் முக்கியம். முதல் இதழ் 1941 மார்ச் தேதியிட்டது, ஆனால் 1940 டிசம்பரிலேயே கடைக்கு வந்துவிட்டது. அவனைப் படைத்த ஜோ சைமன், ஜாக் கர்பி இருவரும் யூதக் குடும்பத்துப் பிள்ளைகள். அட்டையில் கேப்டன் அமெரிக்கா ஹிட்லரின் தாடையில் குத்துவிடுகிறான். சுற்றிலும் நாஜிகள் சுடுகிறார்கள், ஒரு குண்டு கேடயத்தில் பட்டுத் தெறிக்கிறது. பக்கத்தில் அமெரிக்காவின் வரைபடம், நாசவேலைத் திட்டக் காகிதங்கள். இது வெளிவந்தபோது அமெரிக்காவுக்கும் ஜெர்மனிக்கும் போர் இல்லை என்பதைச் சேர்த்து வாசிக்க வேண்டும். பேர்ல் ஹார்பர் நடக்க ஒரு வருடம் இருந்தது. ஐரோப்பியப் போரில் நாம் தலையிடக் கூடாது என்பது அன்று அமெரிக்காவில் மிக வலுவான கருத்து. ‘அமெரிக்கா முதலில்’ என்ற பெயரிலேயே 1940ல் ஓர் இயக்கம் தொடங்கப்பட்டு, விமானி சார்லஸ் லிண்ட்பர்க் அதன் மேடைகளில் முழங்கிக்கொண்டிருந்தார்.

அதற்கும் முன்னால், 1939 பிப்ரவரி 20 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஜெர்மன் அமெரிக்க நாஜி ஆதரவாளர்கள் கூட்டம் போட்டார்கள். இருபதாயிரம் பேர் வந்தார்கள். மேடையின் நடுவில் ஜார்ஜ் வாஷிங்டனின் மாபெரும் படம், இருபுறமும் அமெரிக்கக் கொடிகளும் ஸ்வஸ்திகாவும். அந்தக் கூட்டத்தினர் தங்களைத்தான் உண்மையான தேசபக்தர்கள் என்று நம்பினார்கள்.

ஆக, சைமனும் கர்பியும் அந்த அட்டையை வரைந்தது ஊரோடு ஒத்து ஓடுவதற்காக அல்ல. கொடியை அந்த நாஜி ஆதரவாளர்கள் கையிலிருந்து பிடுங்கினார்கள். அதற்காக மிரட்டல் கடிதங்கள் வந்தன, அலுவலகத்துக்கு வெளியே ஆட்கள் நின்றார்கள், நகர மேயர் லா கார்டியாவே தொலைபேசியில் அழைத்துப் பாதுகாப்புக்கு உறுதி சொன்னார் என்று சைமன் பின்னாளில் எழுதியிருக்கிறார். கர்பி அதன் பிறகு சிப்பாயாகவே போய் 1944ல் பிரான்ஸில் போரிட்டார்.

போர் முடிந்ததும் இந்த நாயகனுக்கு வேலை இல்லாமல் போயிற்று. 1954ல் கம்யூனிஸ்டுகளை நொறுக்குபவனாக மறுபடி இறக்கிப் பார்த்தார்கள். மூன்றே இதழ்கள், விற்கவில்லை, நிறுத்திவிட்டார்கள். கொடி, எதிரி, அரசின் ஒப்புதல் எல்லாம் சரியாக அமைந்திருந்தும் யாரும் வாங்கவில்லை! எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் இதற்குப் பிறகு வருகிறது. 1972ல் ஸ்டீவ் இங்கிள்ஹார்ட் கதை எழுத வந்தார். வியட்நாம் போர்க்காலத்தில், மனசாட்சியின் பேரில் ராணுவத்திலிருந்து வெளியேறியவர். அந்த ஐம்பதுகளின் கேப்டன் அமெரிக்கா அசல் ஆளே இல்லை, வேஷம் போட்டுக்கொண்ட வேறொருவன், பார்ப்பவர்களையெல்லாம் துரோகியாகக் கண்டு மனம் பேதலித்தவன் என்று அவர் எழுதினார். தன்னுடைய பழைய தேசபக்தியையே ஒரு நோய் என்று அந்தக் காமிக்ஸ் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

இரண்டு வருடம் கழித்து அவரே இன்னும் மேலே போனார். ஒரு ரகசியச் சதிக் கூட்டத்தின் தலைவனைக் கேப்டன் அமெரிக்கா துரத்துகிறான். துரத்தல் வெள்ளை மாளிகைக்குள் முடிகிறது. முகமூடியைக் கழற்றினால் உள்ளே இருப்பவர் நாட்டின் மிக உயர்ந்த பதவியில் இருப்பவர். முகத்தை நமக்குக் காட்டவில்லை, ஆனால் வாசகர்களுக்கு யார் என்று தெரியும். அது வாட்டர்கேட் வருடம். அவர் அங்கேயே தன்னைச் சுட்டுக்கொள்கிறார். நாயகன் கேப்டன் அமெரிக்கா உடையைக் கழற்றி வைத்துவிட்டு ‘நோமாட்’, நாடோடி, என்று பெயர் மாற்றிக்கொள்கிறான். குழந்தைகள் சில்லறை கொடுத்து வாங்கும் காமிக்ஸில் வந்தது இது. அந்தத் தற்கொலைக் காட்சி வெளியானபோது நிக்சன் இன்னும் பதவியில் இருந்தார்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு இப்போதைய படங்களைப் பார்ப்போம். அப்போதுதான் உங்கள் மகனோடு நான் ஏன் வேறுபடுகிறேன் என்பது விளங்கும்.

2011ல் வந்த முதல் படத்தில் அந்த ஹிட்லர் குத்து இருக்கிறது, ஆனால் மேடை நாடகமாக. போர்ப் பத்திரம் விற்க ஊர் ஊராகப் போகும் ஸ்டீவ் ரோஜர்ஸ், அதாவது கேப்டன் அமெரிக்கா, ஹிட்லர் வேஷம் போட்ட நடிகனை இருநூறு தடவைக்கு மேல் குத்துகிறான். நல்ல நகைச்சுவை. இத்தாலியில் நிஜச் சிப்பாய்கள் முன்னால் அதே ஆட்டத்தை ஆடும்போது அவர்கள் கூச்சல் போட்டுத் துரத்துகிறார்கள், அந்தக் காட்சி நன்றாகவே எடுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் நிஜச் சண்டை யாரோடு? ஹிட்லரையே உதறிவிட்டுப் போன ஹைட்ரா என்ற கற்பனைக் கும்பலோடு. இரண்டாம் உலகப் போரில் நடக்கும் கதையில்கூட நாஜிகளுக்குப் பதிலாள் போட்டிருக்கிறார்கள். நிஜ ஹிட்லர் இருந்த காலத்தில் காமிக்ஸ் அவனை நேராகக் குத்தியது. எழுபது வருடம் கழித்து, யாருக்கும் எந்த ஆபத்தும் இல்லாதபோது, படம் வேஷக்காரனைக் குத்துகிறது.

2014ன் ‘விண்டர் சோல்ஜர்’தான் உங்கள் மகன் மனதில் இருக்கும் படம் என்று ஊகிக்கிறேன். எனக்கும் அது பிடிக்கும். குற்றம் நடப்பதற்கு முன்பே ஆட்களைக் கண்டுபிடித்து வானத்திலிருந்து சுட்டுத்தள்ளும் ராட்சதக் கப்பல்களை, ஷீல்டு என்ற உளவு அமைப்பின் தலைவன் ஃப்யூரி பெருமையோடு காட்டுகிறான். ஸ்டீவ் நிமிர்ந்து பார்த்துவிட்டு, இது சுதந்திரம் இல்லை, பயம் என்கிறான். அமெரிக்க அரசின் ரகசியக் கண்காணிப்பை அம்பலப்படுத்திய ஸ்னோடன் ஆவணங்கள் 2013 ஜூனில்தான் வெளியாகியிருந்தன, அந்த வரி நெஞ்சில் குத்தியது. சதியின் தலைவனாக ராபர்ட் ரெட்ஃபோர்ட். வாட்டர்கேட்டை அம்பலப்படுத்திய பத்திரிகையாளராக ஒரு காலத்தில் நடித்தவர். இதுவரைக்கும் படம் 1974ன் வாரிசு.

பிறகு நியூ ஜெர்சியின் பழைய முகாமில், நிலவறைக் கணினிக்குள்ளிருந்து ஒரு செத்துப்போன நாஜி விஞ்ஞானி பேச ஆரம்பிக்கிறான். எல்லாமே ஹைட்ராவின் வேலை, போர் முடிந்த நாளிலிருந்து உள்ளே புகுந்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. அந்த இடத்தில் படம் தன் கேள்வியைக் கைவிட்டுவிடுகிறது. கண்காணிப்பும் முன்கூட்டியே கொல்வதும் ஓர் அரசு தன் மக்களைக் காப்பதாக நம்பிச் செய்யும் காரியங்கள் என்பதுதான் அச்சமூட்டும் உண்மை. அதை எடுத்து, ஒளிந்திருந்த நாஜிகளின் தலையில் கட்டிவிட்டார்கள். கிருமி வெளியிலிருந்து வந்தது, உடம்பு சுத்தம். இங்கிள்ஹார்ட்டின் சதிகாரன் வெளியிலிருந்து வந்தவன் அல்ல, வாக்கு வாங்கி வந்தவன்.

2025ல் வந்த கேப்டன் அமெரிக்கா படமான ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ இதையே இன்னும் அப்பட்டமாகச் செய்கிறது. அமெரிக்க ஜனாதிபதி கோபத்தில் சிவப்பு ஹல்க்காக மாறி வெள்ளை மாளிகையை இடிக்கிறார். கேட்க எவ்வளவு துணிச்சலாக இருக்கிறது! ஆனால் அவருடைய இதய மாத்திரையில் வில்லன் கலப்படம் செய்திருக்கிறான். கோபம்கூட அவருடையது இல்லை.

ஜேம்ஸ் கன் இயக்கிய 2025 சூப்பர்மேன் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சூப்பர்மேன் வெளியிலிருந்து வந்து குடியேறியவனின் கதை என்று அவர் சொன்னதற்கே ஒரு தரப்பு கொதித்தது. 1938லேயே அவன் வேற்றுக் கிரகத்திலிருந்து வந்தவன்தானே, இதில் என்ன புதுமை? படத்தில் எனக்குப் பிடித்தது சண்டைகள் அல்ல, லோயிஸ் எடுக்கும் பேட்டி. யாரைக் கேட்டு இன்னொரு நாட்டின் போரில் நுழைந்தாய், நீ அமெரிக்காவின் பிரதிநிதியாகப் பார்க்கப்படுவாய் என்று யோசித்தாயா என்று அவள் விடாமல் கேட்கிறாள். அவனுக்கு எரிச்சல் ஏறுகிறது. ஜனங்கள் செத்திருப்பார்கள் என்று கத்துகிறான். பதில் சரிதான், ஆனால் அவளுடைய கேள்வி அங்கேயே கிடக்கிறது. நாட்டுப்பற்று பற்றி சமீபத்தில் எந்த சூப்பர் ஹீரோ படத்திலும் இவ்வளவு தெளிவான உரையாடலை நான் பார்க்கவில்லை. ஆனால் அந்த இரண்டு நாடுகளும் கற்பனை. பார்த்தவர்கள் அவரவர் மனதில் இருந்த நிஜப் போரை அதில் நிரப்பிக்கொண்டார்கள். கடைசியில் குற்றவாளி லெக்ஸ் லூதர் என்ற தனி மனிதன், அரசு அவனால் ஏமாற்றப்பட்டது, அவ்வளவே. ‘பொரேவியா’ என்ற கற்பனை நாடு 1939 காமிக்ஸிலேயே உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஒளிந்துகொள்ளும் பழக்கம் இன்று வந்ததல்ல. ஆனால் அதே சூப்பர்மேன் 1940 பிப்ரவரியில் ‘லுக்’ பத்திரிகையின் இரண்டு பக்கக் கதையில் ஹிட்லரையும் ஸ்டாலினையும் ஆளுக்கொரு கையில் தூக்கிப்போய் ஜெனீவாவில் உலக நாடுகள் சபை முன்னால் நிறுத்தினான். அதற்காக ஹிட்லரின் எஸ்எஸ் படையின் பத்திரிகை சீகலை யூதன் என்று வசைபாடிக் கட்டுரை போட்டது. பெயர் சொன்னால் இப்படித்தான் யாருக்காவது உறைக்கும்.

சந்தை காரணமா என்றால், ஓரளவு ஆம். 2011 படம் ரஷ்யா, உக்ரைன், தென்கொரியாவில் ‘கேப்டன் அமெரிக்கா’ என்ற பெயரில்லாமல் ‘முதல் அவெஞ்சர்’ என்றே வெளியானது. கேப்டன் அமெரிக்காவும் வரும் அவெஞ்சர்ஸ் படமான ‘எண்ட்கேம்’ வசூலித்த கிட்டத்தட்ட 280 கோடி டாலரில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு அமெரிக்காவுக்கு வெளியே வந்தது. அத்தனை பேரையும் பகைத்துக்கொள்ளாமல் படம் எடுத்தால் பெயர் சொல்ல முடியாதுதான். இன்னொரு பக்கம் பென்டகனின் தயவும் வேண்டும். 2008ன் ‘அயர்ன் மேன்’ எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில் எடுக்கப்பட்டது, 2019ன் ‘கேப்டன் மார்வெல்’ படத்துக்கும் விமானப்படை உதவியது. 2012ன் ‘அவெஞ்சர்ஸ்’ படத்திலிருந்து மட்டும் பென்டகன் விலகிக்கொண்டது. காரணம் வேடிக்கையானது: ஷீல்டு என்ற அந்தக் கற்பனை அமைப்புக்கு அமெரிக்க ராணுவம் கட்டுப்பட்டதா இல்லையா என்பது கதையில் தெளிவாக இல்லையாம்.

ஆனால் மதிப்புகள் மாறியதை நான் வேறோர் இடத்தில் பார்க்கிறேன். 2016ன் ‘சிவில் வார்’ ஒரு பெரிய பொதுக் கேள்வியோடு தொடங்குகிறது. இவ்வளவு சக்தி உள்ளவர்கள் யாருக்குக் கட்டுப்பட்டவர்கள்? 117 நாடுகள் ஓர் உடன்படிக்கையை நீட்டுகின்றன, அயர்ன் மேனான ஸ்டார்க் கையெழுத்துப் போடுகிறான், ஸ்டீவ் மறுக்கிறான். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. சைபீரியாவின் பனிக்குகையில் அது முடியும்போது உடன்படிக்கையை யாருக்கும் நினைவில்லை. ஸ்டீவ் தன் பால்ய நண்பன் பக்கியைக் காப்பாற்றுகிறான். ‘அவன் என் அம்மாவைக் கொன்றான்’ என்கிறான் ஸ்டார்க். ஸ்டீவ் நண்பனைத் தாங்கிக்கொண்டு நொண்டியபடி வெளியேறும்போது ஸ்டார்க் பின்னாலிருந்து கத்துகிறான்: அந்தக் கேடயம் உன்னுடையது இல்லை, என் அப்பா செய்தது!

ஸ்டீவ் அதைக் கீழே போட்டுவிட்டுப் போகிறான். நட்சத்திரமும் கோடுகளும் தீட்டிய, ஒரு நாட்டின் சின்னமாக நின்ற பொருள், இரண்டு நண்பர்களுக்கு நடுவே பாகப்பிரிவினைச் சொத்தாகிவிட்டது. ‘எண்ட்கேம்’ முடிவில் கிழவனான ஸ்டீவ் அதை, ஆண்டனி மேக்கி நடிக்கும் சாம் வில்சனுக்கு உயில் எழுதுவதுபோல் தனியாகக் கொடுக்கிறான். நாட்டின் இடத்தில் உலகம் வந்துவிட்டது என்று உங்கள் மகன் சொல்லக்கூடும். வந்திருப்பது நண்பர் கூட்டம். யாருக்காகச் சண்டை போடுகிறார்கள் என்று கேட்டீர்களே, பெரும்பாலும் ஒருவருக்கொருவர்தான். அதில் அழகும் இருக்கிறது, நானும் அந்தக் காட்சிகளில் கலங்கியிருக்கிறேன். ஆனால் நண்பனுக்காக எதையும் செய்வேன் என்பவனிடம் பொதுக் காரியத்தை ஒப்படைக்க எனக்குத் தயக்கம்தான்.

இந்த வரிசையில் எனக்கு நேர்மையாகப் பட்ட குரல் ஒன்று உண்டு. ‘தி ஃபால்கன் அண்ட் தி விண்டர் சோல்ஜர்’ என்ற 2021 தொடரில் வரும் ஐசையா பிராட்லி. கொரியப் போர்க்காலத்தில் ஸ்டீவை வலிமையாக்கிய மருந்தை மறுபடி உருவாக்கிச் செலுத்திச் சோதிக்கப்பட்ட கறுப்பினச் சிப்பாய். சக வீரர்களைக் காப்பாற்றிவிட்டு வந்தவனை முப்பது வருடம் சிறையில் போட்டு உடம்பைக் கிழித்து ஆராய்ந்தது அரசு. இதன் பின்னால் இருப்பது நிஜம். அலபாமாவின் டஸ்கீகீயில் 1932 முதல் 1972 வரை கறுப்பின ஆண்களின் சிஃபிலிஸ் நோய்க்கு மருந்து தராமல் அரசு மருத்துவர்களே வேடிக்கை பார்த்தார்கள். 2003ல் வந்த காமிக்ஸ் அந்த வரலாற்றிலிருந்துதான் ஐசையாவை உருவாக்கியது. கேடயத்தோடு வரும் சாமிடம் அவர் சொல்கிறார்: ஒரு கறுப்பனை அவர்கள் கேப்டன் அமெரிக்கா ஆக விடமாட்டார்கள், விட்டாலும் மானமுள்ள எந்தக் கறுப்பனும் அதை ஏற்கமாட்டான். சாமிடம் பதில் இல்லை. இங்கே ஹைட்ரா இல்லை, கலப்பட மாத்திரை இல்லை, செய்தது அரசேதான்.

தொடரின் முடிவில் அவருக்கு அருங்காட்சியகத்தில் ஒரு சிலை வைத்துக் கண்ணீர் துடைத்தார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். 2025 படத்தில் ஐசையா வெள்ளை மாளிகைக்கு விருந்தாளியாக அழைக்கப்பட்டு, அங்கே எழுந்து ஜனாதிபதியை நோக்கிச் சுடுகிறார். என்னவெல்லாம் எழுதியிருக்கலாம் இந்த இடத்தில்! ஆனால் ஒரு பாட்டைக் கேட்டதும் வில்லனின் வசியத்துக்கு ஆட்பட்டுச் சுட்டுவிட்டாராம், அவருக்கே ஒன்றும் நினைவில்லையாம். முப்பது வருடச் சிறையிலிருந்து அவர் கொண்டுவந்த ஒரே சொத்து அந்தக் கோபம். அதையும் பிடுங்கிக்கொண்டு, நல்லவர், நிரபராதி என்று வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

அன்புடன்.